பெரிதாக்க வேண்டாம்

கம்ப்யூட்டரில் புது மென்பொருளை ஏற்ற, ‘அடுத்து’ என்ற பொத்தானை அழுத்திவிட்டு வாசலைப் பார்த்தாள்.

அவன் முடிவெட்டப் போயிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை, சலூனில் கூட்டம் இருக்கும். வந்தாலும் நேரே ஹாலுக்குள் நுழைய முடியாது. முடிவெட்டிவிட்டு வருகிறவன் எதையும் தொடாமல் பக்கவாட்டுச் சந்து வழியாகக் குளியலறைக்குப் போக வேண்டும். அது அவள் போட்ட சட்டம். கல்யாணமானதிலிருந்து ஒரு தடவைகூட அவன் மீறியதில்லை.

நேரம் இருக்கிறது.

இருந்தும் ஒரு காதை வாசல் பக்கமே வைத்திருந்தாள்.

புதிதில் எல்லாமே ஒன்றாக இருக்க வேண்டும் என்று இருவருக்கும் ஒரு கிறுக்கு. ஒரே தட்டு, ஒரே போர்வை, ஒரே மின்னஞ்சல் கணக்கு. தட்டும் போர்வையும் எப்போதோ இரண்டாகிவிட்டன. கணக்கு மட்டும் அப்படியே கிடந்தது. வினை அதில்தான் வந்தது.

போன மாதம் அவள் ஒரே ஒரு தடவை தேடினாள். குழந்தையைத் தத்தெடுப்பது எப்படி.

அவ்வளவுதான். மறுநாள் அவன் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கும் பக்கத்தில், ஒரு விளம்பரத்துக்குள், பொக்கை வாய்க் குழந்தையொன்று டயப்பர் கட்டிக்கொண்டு தவழ்ந்தது. அவள் காபியோடு அவனுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

அவன் அந்தக் குழந்தையைப் பார்த்தான். ஸ்கோரை விட்டுவிட்டு அதையே பார்த்தான்.

“கேஸ் புக் பண்ணியாச்சா?” என்றான், திரும்பாமல்.

அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

குழந்தைக்காகக் கடைசியாகச் செய்த சிகிச்சையும் பலிக்காமல் போன அன்று, ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தான். “இனிமே இந்தப் பேச்சே வேண்டாம்மா. எனக்கு நீ போதும்.”

அன்பாகத்தான் சொன்னான். ஆனால் அதோடு ஒரு கதவு சாத்திக்கொண்டது. இப்போது போய், எனக்கு நீங்கள் மட்டும் போதவில்லை என்று அவள் எந்த வாயால் சொல்வாள்?

இந்த மென்பொருளைப் பற்றிச் சொன்னது ஆபீஸில் பக்கத்து நாற்காலி பெனாசிர்.

“நீ கேக்கறதை இது ஊரெல்லாம் சுத்திப் போயி கேட்டுட்டு வரும்டி. யாரு கேட்டாங்கன்னே தெரியாது. மூடுனதும் எல்லாத்தையும் மறந்துடும். ஸ்கிரீன்ல அது திறக்கற ஜன்னலை மட்டும் பெருசாக்கிடாத. அந்த அளவை வச்சே ஆளைப் புடிச்சிடுவாங்களாம்.”

பச்சைக் கோடு பாதி தூரம் ஓடி நின்றது. திரையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்தது.

இந்த மென்பொருள் இக்கணினியில் ஏற்கெனவே உள்ளது. அதைத் திறக்கவா?

திரும்பவும் படித்தாள்.

இந்த வீட்டில் கம்ப்யூட்டரைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர்.

அவனா? சாம்பாரில் உப்பில்லை என்பதைக்கூட முகத்தில் மறைக்கத் தெரியாதவன். அவனுக்கு என்ன ரகசியம்? யாரோடு? நினைக்கக் கூடாததெல்லாம் முண்டியடித்துக்கொண்டு வந்தது.

‘ஆம்’ என்று அழுத்தினாள்.

ஊதா நிறத்தில் ஜன்னல் திறந்தது. எங்கே போனான், எதைத் தேடினான், ஒரு தடயமும் இல்லை. பெனாசிர் சொன்னது சரிதான். எல்லாவற்றையும் மறந்திருந்தது.

ஒன்றைத் தவிர.

அவனுக்கு ஒரு பழக்கம். தேவைப்படுகிற பக்கம் எதுவானாலும் புக்மார்க் போட்டுவிடுவான். போட்டதோடு நிற்காமல், வாயால் பேசுகிற மாதிரி அதற்கு ஒரு பெயரும் வைப்பான். ‘கரண்ட் பில் இங்க கட்டு.’ ‘அம்மா கேட்ட கஷாயம்.’ மறப்பதற்கென்றே செய்த மென்பொருளிலும் மனிதன் மறக்காமல் ஒன்று போட்டு வைத்திருந்தான்.

மேலே, இடது மூலையில்.

‘குமுதாகிட்ட கேக்கணும்.’

யாருடைய பெயரும் தெரியக் கூடாத இடத்தில் அவளுடைய சொந்தப் பெயர்.

அதன்மேல் அழுத்தினாள். எந்தெந்த நாட்டையோ சுற்றிக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு வரியாகப் பக்கம் வந்தது.

தத்தெடுக்க விரும்பும் பெற்றோர் இங்கே பதிவு செய்யலாம்.

அட லூசே, என்றாள். அவனைச் சொன்னாளா, தன்னையே சொல்லிக்கொண்டாளா, அவளுக்கே தெரியவில்லை. சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. அவன்மேல் பொங்கி வந்த பிரியத்தை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றது.

கை பழக்கத்தில் மூடுகிற பொத்தானுக்குப் போனது. அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு பக்கத்துப் பொத்தானுக்கு நகர்ந்து அழுத்தியது.

ஜன்னல் திரை முழுவதும் விரிந்தது.

உச்சியில் ஒரு மஞ்சள் பட்டை. பெரிதாக்க வேண்டாம். நீங்கள் யாரென்று தெரிந்துவிடலாம்.

தெரியட்டும்.

பக்கவாட்டுச் சந்தில் செருப்புச் சத்தம். “வெந்நீர் இருக்கா?”

“அப்புறமா குளிச்சுக்கலாம்” என்று குரல் கொடுத்தாள். “அப்படியே உள்ள வாங்க.”

சந்தில் செருப்புச் சத்தம் சட்டென்று நின்றது.