தண்ணியில் நீண்ட பாவாடை

"முழங்காலுக்கு மேலயே நிறுத்து தேவசகாயம்! மிச்சத் துணியில எனக்குத் தலையணை உறை!"

லட்சுமியம்மாள் போட்ட சத்தத்தில் திண்டிவனம் தையல் கடையில் மிஷினே நின்றுவிட்டது. தன் வீட்டுப் பண்ணையாள் மகள் பொன்னிக்கு வருஷா வருஷம் பள்ளிக்கூடத் துணி எடுத்துக் கொடுப்பது அவள். அளவு சொல்வதும் அவளே.

பொன்னி இந்த வருஷம் விழுப்புரத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் எட்டாவது சேருகிறாள். முழங்கால் தெரிந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"நீங்களாச்சும் சொல்லுங்கய்யா" என்றாள், அம்மாளின் புருஷன் சீனுவாசனிடம்.

"ம்ம்... அம்மா சொன்னா சரிதான்" என்று அவர் விட்டத்தைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து பொன்னி இரண்டு குரலையும் அப்படியே செய்து காட்டினாள். "ம்ம்... ம்ம்... சரியான ஆமாஞ்சாமிம்மா அவரு!" தாய் இருதயமேரி சிரித்த சிரிப்பில் சோறு அடிப்பிடித்தது.

பாவாடை வந்தது. முழங்காலும் தெரிந்தது. மிச்சத் துணி? "கொசுவத்துலயே போயிடுச்சும்மா" என்று தேவசகாயம் கையை விரித்துவிட்டாராம்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள், அலசலாம் என்று நனைத்தால் கீழ்த்தையலையே காணோம்!

இருதயமேரி ஈரப் பாவாடையோடு மகளையும் இழுத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள். "இன்னாண்ணே தச்சிருக்கே? தண்ணியப் பாத்ததும் புட்டுக்கினு போவுது! ஒரே பேஜாரு!"

தேவசகாயம் சிரித்துக்கொண்டே ஒரு நூலைத் தண்ணீர் டம்ளரில் போட்டுக் கலக்கினார். நூல் மாயம்!

"பாலிவினைல் ஆல்கஹாலு."

"அய்யய்யோ, சாராயமா?"

"அட, பிளாஸ்டிக் மாதிரி ஒண்ணு தங்கச்சி. காய்ஞ்சிருந்தா இழுத்தாலும் அறாது, நனைஞ்சா கரைஞ்சிடும். ஏத்துமதி கம்பெனியில சும்மா புடிச்சு வைக்க இதுலதான் தைப்பாங்க. கட்டிப் பாரு பொன்னி."

உள்ளே மடிந்து கிடந்த துணி இறங்கி, முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் தொங்கியது. ஓரம் சாதா நூலில் அழகாக மடித்து அடித்திருந்தது. பொன்னி ஈரத்தோடு ஒரு சுற்றுச் சுற்றினாள், கடையெல்லாம் தண்ணீர்.

இருதயமேரி கையெடுத்துக் கும்பிட்டாள். "நீ நல்லா இருக்கணும்ணே!"

"என்னைக் கும்பிடாதே. மெட்ராஸ்ல இருந்து நூல் வாங்கியாந்தது சீனுவாசன் ஐயா. 'அவகிட்ட நான் வாயத் தொறந்தா இந்தத் துணியும் கெடைக்காது. நீ மடிச்சுத் தை, மிச்சத்தைத் தண்ணி பாத்துக்கும்'னாரு!"