காய்ச்சல் வராத பிள்ளை

“வாத்தியாரய்யா, நல்லா அழுத்தமா எழுதுங்க. ஏனோதானோன்னு எழுதிப்புடாதீங்க.”

ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் குழந்தைவேலு பேனாவை மையில் தொட்டுக்கொண்டு செல்லாயியை நிமிர்ந்து பார்த்தார்.

அவள் மகன் அய்யாவு காலேஜில் சேரப்போகிறான். அலோர் ஸ்டாரில் ஜப்பான்காரன் புதுசாக ஒரு காலேஜ் திறக்கிறானாம். சேர்ந்தால் அரிசி உண்டு, சட்டை உண்டு, படித்து முடித்தால் ஆபீசில் வேலையும் உண்டு என்று காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் தோட்டத்து ஆபீஸ் கணக்கைப் பார்க்கும் பெரிய கிராணி சொல்லியிருந்தார். வாத்தியாரின் சிபாரிசுக் கடிதம் ஒன்று கொண்டுவந்தால் போதும்.

மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று நாக்கு மரத்துப்போன யுத்த காலம். அரிசி என்று கேட்டதுமே செல்லாயி பாதி மயங்கிவிட்டாள்.

“என்ன எழுதணும்னு நெனைக்கிற?” என்றார் வாத்தியார்.

“கிழங்கு மூட்டையை ஒத்தையாளாத் தூக்கிட்டு மேடு ஏறுவான்னு எழுதுங்க. காய்ச்சல்னு ஒரு நாள் படுத்ததில்ல. காட்டுக்குள்ள அட்டை கடிச்சாலும் அசரமாட்டான். அதையும் எழுதுங்க.”

செல்லாயியைச் சொல்லிக் குற்றமில்லை. தோட்டத்தில் ஒருவனை நல்லவிதமாகச் சொல்வதென்றால் கங்காணி அவன் தோளைத்தான் சொல்வார். அவன் தலைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

“படிப்பைப் பத்தி?”

“அது உங்களுக்குத் தெரியாததா? உங்ககிட்டதானே படிச்சான்.”

வாத்தியாரின் மனைவி நவமணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“எங்க மகன் பரஞ்சோதி சிங்கப்பூர் காலேஜுக்குப் போறப்ப இவரு எழுதினதைப் பார்த்திருக்கணும் செல்லாயி. ரெண்டு பக்கம். உடனே எடுத்துக்கிட்டாங்க. இந்தத் தபால்தான் ஒழுங்கா வரமாட்டேங்குது.”

வாத்தியார் குனிந்து கொஞ்ச நேரம் இங்கிலீஷில் எழுதினார். மடித்து உறையில் போட்டு ஒட்டினார்.

“பிரிக்காம கிராணிகிட்ட குடு.”

பிரிக்காதே என்று சொன்னால் எந்தக் கைதான் சும்மா இருக்கும்? செல்லாயி நேரே சுங்கைப் பட்டாணி டவுனுக்கு நடந்தாள். அங்கே மளிகைக் கடையில் கணக்கு எழுதும் நடராஜாவுக்கு இங்கிலீஷ் தெரியும். மகனைப் பற்றிப் பெரிய மனிதர் எழுதியதை ஒருமுறை காதால் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஒட்டியிருந்ததும் மரவள்ளி மாவுப் பசைதான். லேசில் வந்துவிட்டது.

நடராஜா படித்தான். இன்னொரு முறையும் படித்தான்.

“அக்கா, உங்களுக்கும் வாத்தியாருக்கும் ஏதாச்சும் தகராறா?”

“இல்லையே தம்பி. ஏன்?”

“பையன் நோஞ்சான்னு எழுதியிருக்காரு. மாசத்துல பாதி நாள் மலேரியாவாம். நெஞ்சு பலமில்லையாம். சுமை தூக்கவே முடியாதாம். படிப்பைப் பத்தி ஒரு வரிகூட இல்ல.”

செல்லாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தார்ச் சடக்கு நெடுகத் திட்டிக்கொண்டே திரும்பினாள். வாத்தியார் வீட்டு வாசலில் நின்றபோது மூச்சு வாங்கியது, வாய் மட்டும் ஓயவில்லை.

“உங்க பிள்ளை மட்டும் காலேஜுல படிக்கணும். பால் மரம் வெட்டறவ பிள்ளை கடைசிவரைக்கும் மூட்டை தூக்கணும். அப்படித்தானே? கல்லாட்டம் இருக்கிற பிள்ளைக்கு இல்லாத நோயெல்லாம் ஒட்டி விட்டிருக்கீங்களே, நல்லா இருப்பீங்களா?”

வாத்தியார் பதறவில்லை. அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து அவளைப் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் அழைத்துப் போனார்.

“கத்தாதம்மா. கடிதத்துல என்னென்ன எழுதணும்னு கிராணி ஒரு தாள் அனுப்பியிருக்காரு. சுமை தூக்குவானா, காட்டுல நடப்பானா, காய்ச்சல் வருமா, இவ்வளவுதான் கேள்வி. கணக்கு வருமா, எழுத்து வருமான்னு ஒண்ணும் இல்ல. இது எந்த ஊரு காலேஜு?”

“என்னய்யா சொல்றீங்க?”

“ஜப்பான்காரன் சயாம் காட்டுல ரயில் பாதை போடுறான். ஆள் பத்தல.”

சயாமுக்கு ரயிலேறிய லயத்து வீட்டு ஆட்களில் ஒருவர்கூட இன்னும் திரும்பவில்லை.

“அப்ப கடிதமே வேணாம்யா. நான் குடுக்கல.”

“பேரு ஏற்கெனவே போயிருச்சு. கடிதம் போகலன்னா ஆள் வந்து இழுத்துட்டுப் போவான். சீக்காளின்னு தெரிஞ்சாத்தான் பேரை அடிப்பான்.”

“நெசந்தானா? இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னா?”

வாத்தியார் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“போன தடவையும் இதே தாள்தான் வந்துச்சு. அப்ப எனக்குப் புரியல. பந்து விளையாடுவான், காய்ச்சலே வந்ததில்லன்னு என் கையாலயே ரெண்டு பக்கம் எழுதினேன். சயாம்லேருந்து தப்பி வந்த வெளியூர்க்காரன் ஒருத்தன், பரஞ்சோதியைப் புதைச்ச இடத்தைச் சொல்லிட்டுப் போனான். நவமணிக்கு இன்னும் சொல்லல.”

செல்லாயி அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை அவரிடமே நீட்டினாள்.

“காய்ச்சலும் நெஞ்சும் மட்டுந்தான்யா இருக்கு. இன்னும் ரெண்டு நோய் சேத்து எழுதுங்க.”