ஒனிலின் பீரோ அடுப்பு

“இந்த அடுப்பைப் பத்த வச்சா கல்லுகூட வாயைத் திறந்து பேசும்” என்றார் ஒனில்.

எந்தக் கல் என்று அவர் மனைவி லூசெத்துக்குத் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் ரெஜான், ஒனிலின் அண்ணன். அப்பாவின் மேப்பிள் தோப்பைப் பிரித்த நாளிலிருந்து பதினோரு வருடமாகத் தம்பியிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“பாதிரியார் வந்து கெஞ்சியே பேசாத மனுஷன், உன் ஓட்டை பீரோவைப் பார்த்தா பேசப்போறாரு?”

ஓட்டை பீரோதான். ஆபீஸில் கழித்துப்போட்ட பைல் பீரோவை மல்லாக்கக் கிடத்தி, வயிற்றில் விறகை அடுக்கி, இழுப்பறைகள் இருந்த இடத்தில் ஓட்டல்களில் சாப்பாடு வைக்கும் ஆழமான தகரத் தட்டுகளை உட்கார வைத்திருந்தார். அதில் ஊற்றிய மேப்பிள் மரத்து நீர் மதியத்துக்குள் சுண்டிப் பாகாகி, திடீரென்று நுரைத்துப் பொங்கியது.

“துளி வெண்ணெய் போடு, அடங்கிடும்” என்று பதறினாள் லூசெத்.

“கொண்டுவர மறந்துட்டேனே.” ஒனில் கையைப் பிசைந்தார்.

பாகு வழிந்து வீணாவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அந்த ஊரில் யாராலும் முடியாது. எழுபது வயது ரெஜான் வெண்ணெய் ரொட்டியும் கையுமாக மான்போல வேலியைத் தாண்டி வந்து, ரொட்டியை அப்படியே பாகில் முக்கினார். நுரை அடங்கியது.

“மடையா, வெண்ணெய் இல்லாம எவன்டா பாகு காய்ச்சுவான்?”

பதினோரு வருடத்துத் திட்டும் சேர்ந்து வந்தது. திட்டிக்கொண்டே கரண்டியைப் பிடுங்கி அவரே நுரையை வழிக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் லூசெத் கவனித்தாள். ஒனிலின் சட்டைப்பையிலிருந்து வெண்ணெய் உருகி வழிந்துகொண்டிருந்தது.

“அடப்பாவி” என்றாள் மெதுவாக. “ஒத்துக்கறேன், உன் அண்ணன் பேசிட்டாரு. இனி எப்படி நிறுத்துறது?”