மூன்று வாரமாய் ஒழுகும் வீடு

“இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாக்காம விடப் போறதில்ல! வெளிய வாங்கய்யா!”

வனமாமலை போட்ட சத்தத்தில் தெருவில் பைக்கில் போனவன்கூட ஒரு காலை ஊன்றி நின்று பார்த்தான். சேரப்பணஞ்சேரிக்குக் குடிவந்த இந்த ஒரு வருடத்தில், வீட்டுக்காரர் ரங்கநாதனை எதிர்த்து அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றைக்கு, சனிக்கிழமை சாயங்காலம், கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை முடிந்து வந்தவன் ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

ரங்கநாதன் சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே வந்தார். “இன்னா தம்பி, இன்னாத்துக்கு இப்டி கூவுற?”

“என்னத்துக்கா? மேல வந்து பாருங்க!”

இழுக்காத குறையாக அவரை மாடிக்கு அழைத்துப் போனான். மாடியில் ஒற்றை அறை, தலைக்கு மேல் சிமெண்ட் ஷீட். மத்தியானம் பெய்த கோடை மழை அரை மணி நேரம்கூட இருக்காது. சித்திரை வெயிலில் காய்ந்த ஊரே குளிர்ந்தது. இந்த அறை மட்டும் குளமானது. சுவர் வழியாக இறங்கிய தண்ணீர் சுவிட்ச் பெட்டியிலிருந்து இன்னமும் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டிலின் ஒரு மூலையில், நனையாத இடமாகப் பார்த்து, அவன் மனைவி கவியா மூன்று மாதக் குழந்தையோடு ஒண்டியிருந்தாள். மெயினை அணைத்திருந்ததால் ஃபேன் ஓடவில்லை. புழுக்கத்தில் குழந்தை வீறிட்டு அழுதது.

“ஃபேன் சுவிட்ச தொட்டேன், கரண்டு அடிச்சிட்டுய்யா,” என்றாள் கவியா. “இடுப்புல பிள்ள இருந்துச்சு. கால்ல செருப்பு கெடந்ததால தப்பிச்சோம்.”

ரங்கநாதன் சுவிட்ச் பெட்டியை விட்டு ஓரடி பின்வாங்கினார்.

“ஷீட்டு ஓரத்துத் தகரக் கால்வாய்ல புங்க எல அடச்சிருக்குன்னு எப்பச் சொன்னேன்?” வனமாமலை விடவில்லை. “மாசி, பங்குனி பூரா அந்த மரம் எலயக் கொட்டித் தீத்துச்சு. வாரிப் போட ஒரு ஆளு கெடயாது. தண்ணி போக வழியில்லாம ஷீட்டுக்கு அடியில திரும்பி வீட்டுக்குள்ள வருது. ஒரு கூடை எலய்யா! அதுக்காக எம்பிள்ள சாகணுமா?”

“அய்யய்ய, இன்னா பேச்சு பேசற தம்பி! நான் சும்மாவா கீறேன்? நம்ம வடக்குப்பட்டு பையன், குட்டின்னு கூப்டுவோமே, அவன் கைல மூணு வாரமா சொல்லிக்கினுதான் கீறேன். வருசா வருசம் அவன்தான் வந்து வாருவான்.”

“அவன விட்டா ஊர்ல ஆளே இல்லையா? ஏணியக் குடுங்க, நானே ஏறுதேன்.”

“வாணாம்பா! பழைய ஷீட்டு. எங்க கால வெக்கணும்னு போட்ட அவனுக்குத்தான் தெரியும். போன வருசம் பக்கத்து வூட்ல ஒருத்தன் ஏறி, ஷீட்டு ஒடஞ்சி உள்ள வுழுந்து இடுப்ப ஒடச்சிக்கினான். அதுலேர்ந்து வேற எவனும் ஏற மாட்டேன்றான். குட்டி வந்தா ஒரு மணி நேரத்து வேல. பகல்லதான் ஏற முடியும். அவனுக்கு ஞாயித்துக்கெயம மட்டும்தான் லீவு.”

“அப்ப மூணு ஞாயிறு எங்க போய்த் தொலைஞ்சான்?”

“ஞாயித்துக்கெயமையும் கம்பெனிக்குக் கூப்டுக்கினாங்களாம்.”

“சாக்கு! சுத்தச் சாக்கு!” வனமாமலை கதவில் ஓங்கி அறைந்தான். “கைப்பிள்ள இருக்க வீடுன்னு வாயத் தொறந்து சொன்னா விட மாட்டாங்களா? அங்க இருக்கவனும் சோறு திங்கிற மனுசன்தான?”

“கேட்டுப் பாத்தானாம் தம்பி.”

“கேட்டிருக்கவே மாட்டான். குடிச்சிட்டு எங்கயாவது உருண்டு கெடந்திருப்பான்!”

கவியா குழந்தையைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டே சொன்னாள். “நாளைக்கு ராத்திரியும் மழைன்னு போன்ல போட்டிருக்கான். நாளைக்கு ஆள் வரலன்னா, நான் பிள்ளயத் தூக்கிட்டு நாங்குநேரிக்கே போயிருதேங்க. இங்க வச்சிருக்க எனக்குப் பயமாயிருக்கு.”

அவள் தாய்வீட்டிலிருந்து வந்தே இருபது நாள்தான் ஆகிறது. மகன் அப்பன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியதே நேற்றுத்தான். வனமாமலைக்கு அது கோபமாய்ப் பொங்கியது.

“அந்தக் குட்டிக்குப் போனப் போடுங்கய்யா.”

“என் நம்பர பாத்தா எடுக்க மாட்டேன்றான். சொன்ன வார்த்தய காப்பாத்த முடிலன்னு வெக்கம் போல.”

“வெக்கம் வேறயா! நம்பரச் சொல்லுங்க, என் போன்ல பேசுதேன். நான் கேக்குத கேள்வியில இன்னைக்கு அவன் நாண்டுக்கிட்டுச் சாகணும்!”

ரங்கநாதன் ஒவ்வோர் எண்ணாகச் சொல்லச் சொல்ல, பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தான். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, போனைக் கட்டிலில் விட்டெறிந்தான்.

ஒரே மணியில் எடுத்துவிட்டார்கள். வனமாமலை வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கத்துக் குரல் முந்திக்கொண்டது.

“வனமாமலை சார்! நாளைக்கு ஓ.டி. லிஸ்ட்லேர்ந்து என் பேர எடுத்துட்டீங்களா சார்? மூணு ஞாயிறா கெஞ்சறேன், எதுக்குன்னுகூட கேக்காம போன வெச்சிடறீங்க. நாளைக்காவது வுடுங்க சார், சேரப்பணஞ்சேரில ஒரு வூட்ல கைக்கொயந்த மேல தண்ணி ஒழுவுதாம்!”