தோல்வி பூஜ்யம்

வெற்றி: 4,312. தோல்வி: 0.

திரையில் அதைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

அரை மணி நேரமாக அலுவலகமே அல்லோலகல்லோலப்பட்டது. மூன்று மணிக்கு ஏரியின் ஷட்டரைத் திறக்கிறார்கள். நாலு மணிக்குள் ஆற்றங்கரைத் தெருக்களில் தண்ணீர் ஏறிவிடும். அங்குள்ளவர்களின் ஃபோன்களுக்கு எச்சரிக்கை அனுப்புகிற புரோகிராமை எழுதியவன் அவன். அதை இயக்கத் தெரிந்தவனும் அவன் ஒருவன்தான்.

கட்டளையை முழுதாகத் தட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. மேல் அம்பு விசையை அழுத்தினால் கடைசியாக இயக்கிய கட்டளை அப்படியே வந்து நிற்கும்.

வந்து நின்றது.

செய்தியை மட்டும் மாற்றி எண்டரைத் தட்டினான்.

அந்தத் தெருக்களில் ஒன்றில்தான் அவன் தங்கை வசுமதி கைக்குழந்தையோடு இருக்கிறாள். அவளைத் தனியாகக் கூப்பிடவில்லை. ஊருக்கெல்லாம் போனது அவளுக்குப் போகாமலா இருக்கும்? இந்நேரம் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் இருப்பாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவளே கூப்பிட்டாள்.

"அண்ணா, ஏரியத் தொறந்துட்டாங்கன்னு யாரோ கெளப்பி விட்டுட்டாங்க. எதிர்வீட்டுல மூட்டையே கட்டிட்டாங்க. நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். எங்கண்ணன் ஆபீஸ்லேருந்து மெசேஜ் வரும், அது வராம யாரும் அலைய வேணாம்னு சொல்லிட்டேன். மொத்தத் தெருவும் நம்ம வாசல்லதான் நிக்குது."

குரலில் அத்தனை பெருமை.

எச்சரிக்கை போகவேண்டிய எண்களின் பட்டியலில் அவனுடைய எண்ணும் உண்டு. தன் ஃபோனுக்கும் எதுவும் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

திரையைப் பார்த்தான். கட்டளையின் வாலில், நேற்று சோதனைக்காகச் சேர்த்த 'டிரை ரன்' அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

அனுப்பாதே, அனுப்பினால் போகுமா என்று மட்டும் பார்த்துச் சொல். அதற்கு அதுதான் அர்த்தம். கம்ப்யூட்டர் பார்த்துச் சொல்லியிருக்கிறது. அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு அந்த வாலை அழித்தான்.

எண்டர்.

காதோடு இருந்த ஃபோன் அதிர்ந்தது.

"வசு, புள்ளையத் தூக்கிட்டு மாடிக்கு ஓடு! எல்லாரையும் ஏறச் சொல்லு!"

"இருண்ணா, இரு. இதோ வந்துடுச்சு!"

சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டாள். அவன் கத்தியது அவள் காதில் விழவே இல்லை. தெருவுக்கே கேட்கட்டும் என்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

"இன்று பிற்பகல் மூன்று மணிக்கு ஏரி திறக்கப்படும். கரையோர மக்கள் உடனடியாக..."

படிப்பது நின்றது.

"வசு?"

இணைப்பு அறுபடவில்லை. அந்தப் பக்கம், ஒன்றன்பின் ஒன்றாக, தெருவில் இருந்த ஃபோன்களெல்லாம் ஒலித்துக்கொண்டிருந்தன.