கால் சுற்று

"வால்வு திரும்பியிருக்குமாய்யா, சொல்லு!" தலைமைப் பொறியாளர் மூன்றாவது முறையாக நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சார், அதுக்கு முன்னாடி ஒரு விஷயம்..." மெக்கானிக் இழுத்தார்.

"சாக்குப்போக்கு எதுவும் வேண்டாம். எனக்கு முடிவு மட்டும்தான் வேணும். சோதனை சொதப்பினா முதல்ல வீட்டுக்குப் போறது நீதான்."

மெக்கானிக் ஸ்பானரை எடுத்துக்கொண்டார். வீட்டில் இரண்டு பெண்கள், இருவருக்கும் கல்லூரி.

இயக்குநர் அம்மா உள்ளே நுழைந்தார். வால்வு அசையாமல் நின்றிருந்தால் பொறியாளரின் மூன்று வருட வடிவமைப்பு இன்றோடு பழைய இரும்பு.

"வால்வு எதுக்கு சார் சுத்தணும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

பொறியாளர் மேடை ஏறியவர் போலத் தொண்டையைச் செருமினார். "ராத்திரி பூரா ஒரே பக்கமா படுத்தா தோள் மரத்துப்போகுதில்ல மேடம்? அந்த மாதிரி, திரும்பாத வால்வு ஒரே இடத்துல வெந்து ஓட்டையாயிடும். மத்தவங்க எஞ்சின்ல ராக்கர்ங்கிற சின்னக் கை வால்வை நட்டநடுவுல தட்டும். என்னுது ஒரு நூல் ஓரமா தட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் வால்வு துளித்துளியாத் திரும்பும். உலகத்துல எவனுக்கும் தோணாதது!"

"நான் வால்வு மேல வெச்ச வெள்ளைப் புள்ளி?"

"அப்படியே இருக்கும் மேடம். திங்கக்கிழமை வாசலைப் பார்த்து வெச்சீங்க. ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு அப்புறம் எங்க பார்க்குதுன்னு இப்ப தெரிஞ்சுடும். பதற்றத்துல தூக்கமே இல்லை, இன்னைக்கு எல்லாருக்கும் முன்னாடி வந்துட்டேன்."

மெக்கானிக் எஞ்சின் மூடியைக் கழற்றினார். ஒரு நட்டு தரையில் உருண்டது. மூடியைத் தூக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஆகா!" என்றது பொறியாளரின் குரல்.

புள்ளி ஜன்னலைப் பார்த்திருந்தது. சுளையாகக் கால் சுற்று!

"பார்த்தீங்களா மேடம்? கணக்கு போட்ட மாதிரியே!" பொறியாளரின் நெஞ்சு சட்டைப் பொத்தான்களைச் சோதித்தது.

இயக்குநர் அம்மா கைதட்டினார். "பிரமாதம்! மூணு நாள் கூடவே இருந்து ஓட்டினவரையும் பாராட்டணும். என்னங்க, உங்களுக்குச் சந்தோஷமே இல்லையா?"

பேயறைந்தவர் போலப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக்கின் வாயிலிருந்து அது தானாகவே வந்து விழுந்தது:

"மேடம்... திங்கக்கிழமையிலேருந்து டீசல் கொண்டுவர்ற வண்டியே வரலை. எஞ்சினை நான் இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலை!"