எட்டுகிற ஜாக்கி

கடை வாசலில் மகளின் பிக்கப் வண்டி நிற்கிறது. வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத அதன் வெள்ளைக் கதவில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. "ஜாக்கியை அவளே பார்த்து வாங்கட்டும், நீங்க வாயைத் திறக்காதீங்க" என்று மனைவி சொல்லி அனுப்பியிருப்பதால், காலமெல்லாம் லாரி ஓட்டிய அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிறார். கடைக்காரரோ பளபளக்கும் சிவப்பு ஜாக்கி ஒன்றை அவர் முன்னால்தான் உருட்டி வருகிறார். "மூணு டன் தாங்கும் சார்." அப்பா மகளைக் கைகாட்டுகிறார். "தாங்கும், சரி. எட்டுமா?" என்கிறாள் அவள். கேட்டதோடு நிற்காமல் அதை வாசலுக்கு உருட்டிப்போய், சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, அதை வண்டிக்கு அடியில் தள்ளிக் கைப்பிடியை அழுத்துகிறாள். சிவப்பு ஜாக்கி எம்பும் மட்டும் எம்பியும் முன்சக்கரம் தரையை விடுவதாக இல்லை. "இது காருக்கு ஆகும்ண்ணே. என் வண்டி உயரம்." மூலையில் தூசி படிந்து கிடக்கும் நீளமான கறுப்பு ஜாக்கியை இழுத்து வருகிறாள். உள்ளே நுழைந்ததிலிருந்து அப்பாவுக்கும் அதன் மேல்தான் கண். வாய் நமநமக்கிறது. கைப்பிடி ஏறி இறங்க, எண்ணெய் முனக, சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது. அவள் கையால் ஒரு தட்டுத் தட்டியதும் தடையில்லாமல் சுழல்கிறது. கறுப்பு ஜாக்கியைப் பின்னால் ஏற்றிய கையோடு, பழக்கதோஷத்தில் ஓட்டுநர் கதவுக்குப் போகிறார் அப்பா. சட்டென்று நின்று, வண்டியைச் சுற்றி வந்து மறுபக்கம் ஏறி உட்கார்கிறார். கண்ணாடியை முழுசாக இறக்கி, தெருவே பார்க்கட்டும் என்று முழங்கையை வெளியே வைத்துக்கொள்கிறார்.